மே மாதத்தில் விற்கப்படும் செப்டம்பர்

2006 மே 15, திங்கட்கிழமை. நியூயார்க்கில் ஓர் அரங்கம் நிறைய விளம்பரத் துறைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வரும் செப்டம்பரில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன நிகழ்ச்சி என்று என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் அவர்களுக்கு அட்டவணை போட்டுக் காட்டுகிறது. அதில் வியாழன் இரவு 9 மணிக்கு ஒரு புதிய நாடகம்: 'ஸ்டுடியோ 60 ஆன் தி சன்செட் ஸ்ட்ரிப்'. எழுதுபவர் ஆரன் சோர்கின். அவர் உருவாக்கிய 'தி வெஸ்ட் விங்' ஏழு சீசன் ஓடி முந்தின நாள் ராத்திரிதான் முடிந்திருந்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' முடிந்துபோன பிறகு நான்காம் இடத்துக்குச் சரிந்திருந்த என்பிசி, இழந்த வியாழக்கிழமையை இந்த ஆளை வைத்துத்தான் மீட்கப் பார்த்தது.

மறுநாள் போட்டி நிறுவனமான ஏபிசியின் முறை. ஞாயிறு இரவுகளில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த 'கிரேஸ் அனாடமி' இனி வியாழன் 9 மணிக்கு வரும் என்று அது அறிவித்தது. அதே 9 மணியில் இன்னொரு போட்டி நிறுவனமான சிபிஎஸ்ஸின் 'சிஎஸ்ஐ' ஐந்து வருடமாக அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு யானைகளுக்கு நடுவில் சோர்கினின் கன்றுக்குட்டி. பத்து நாள்கூடத் தாண்டியிருக்காது, என்பிசி தன் அட்டவணையைக் கலைத்து மறுபடி அடுக்கியது. 'ஸ்டுடியோ 60' திங்கள் இரவு 10 மணிக்குப் போய்விட்டது.

கவனியுங்கள், இதுவரை ஒரு எபிசோடுகூட ஒளிபரப்பாகவில்லை. செப்டம்பருக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பொதுமக்களில் ஒருவர்கூட அந்த நாடகத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லவில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு அவசரம்?

அட்டவணை யாருக்காகப் போடப்படுகிறது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். பார்வையாளர் கையில் அது வந்து சேருவது கடைசியாகத்தான். முதலில் அது விளம்பரம் வாங்குகிறவருக்கான விலைப்பட்டியல். மே மாதம் அந்தப் பட்டியலை வெளியிட்ட சில வாரங்களிலேயே, செப்டம்பரிலிருந்து அடுத்த ஆண்டு வரைக்குமான விளம்பர நேரத்தில் பெரும்பகுதி விற்றுப்போகும். வியாழன் 9 மணிக்கு என்பிசி நினைத்த விலை, 'கிரேஸ் அனாடமி' வருகிறது என்ற ஒரே அறிவிப்பில் சரிந்துவிட்டது. விற்பனை தொடங்குவதற்குள் சரக்கை வேறு அலமாரிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

முதலில் இந்த அட்டவணைக் கட்டத்தின் அளவைப் பார்த்துவிடலாம். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று பழைய நெட்வொர்க்குகளும் (நாடு முழுக்க ஒளிபரப்பும் நிறுவனங்கள்) திங்கள் முதல் சனி வரை இரவு 8 முதல் 11 வரை, ஞாயிறு மட்டும் 7 முதல் 11 வரை நிகழ்ச்சி தருகின்றன. கூட்டிப் பார்த்தால் வாரம் 22 மணி நேரம். 1986இல் வந்த ஃபாக்ஸ் இரவு 10 மணிக்கே கடையைச் சாத்திவிடும். அதற்கு 15 மணி நேரம். நம் ஊர் சீரியல்கள் போல ஒரே கதை தினமும் வருவதில்லை. ஒவ்வொரு தொடருக்கும் வாரம் ஒரு எபிசோடு. அதனால் எந்தக் கிழமை என்பது தொடரின் ஜாதகம் மாதிரி. நல்ல நாள் அமைந்தால் பத்து வருடம் ஓடும். வெள்ளிக்கிழமை அமைந்தால் அந்தத் துறையில் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'மரணக் கட்டம்'. வெள்ளி இரவு இளவட்டங்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பது கணக்கு.

வியாழக்கிழமைக்கு மட்டும் ஏன் இந்த அடிதடி? காரணம் கலை சம்பந்தப்பட்டதில்லை. அமெரிக்காவில் புதுப் படங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. ஆளைத் தியேட்டருக்கு இழுக்க ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குக் கடைசி வாய்ப்பு வியாழன் இரவு. கார் கம்பெனிகளும் பெரிய கடைகளும் வார இறுதி வியாபாரத்துக்கு அதே இரவில்தான் கூவ வேண்டும். அதனால் மற்ற கிழமைகளைவிட வியாழனுக்கு மவுசு. 1984இல் 'தி காஸ்பி ஷோ' மூலம் என்பிசி அந்த நாளைப் பிடித்துக்கொண்டது. 'சியர்ஸ்', 'சைன்ஃபெல்ட்', 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஈஆர்' என்று ஏறக்குறைய இருபது வருடம் அதை வைத்தே வாழ்ந்தது. 1990இல் ஃபாக்ஸ் தன் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனை 'காஸ்பி'க்கு நேர் எதிரே வியாழன் 8 மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியபோது, பொடியன் பயில்வானோடு மோதுவதாகத்தான் பத்திரிகைகள் எழுதின.

சரி, ஏன் செப்டம்பர்? இலை உதிரும் காலத்துக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன உறவு?

வானொலிக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. கோடையில் பொழுது சாய எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஜனங்கள் வெளியே சுற்றுவார்கள், ஊருக்குப் போவார்கள். வானொலி நட்சத்திரங்களும் கோடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு இலையுதிர் காலத்தில் திரும்புவார்கள். செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்தோடு கோடை முடிந்ததாக அமெரிக்கர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும், இருட்டு சீக்கிரம் வரும், குடும்பம் வீட்டில் அடையும். அதே சமயத்தில்தான் டெட்ராய்ட் கார் கம்பெனிகள் அடுத்த ஆண்டுக்கான மாடல்களைக் காட்டின. பின்னாலேயே கிறிஸ்துமஸ் வியாபாரம். காசு செலவழிக்க விளம்பரதாரர்கள் தயாராக இருக்கும் மாதங்களில் புதுச் சரக்கு இறங்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில், மூன்றில் இளையதான ஏபிசி தன் புது நிகழ்ச்சிகளை எல்லாம் ஒரே வாரத்தில் தொடங்கி வைக்க ஆரம்பித்தது. மற்ற இரண்டும் அதே வழிக்கு வந்தன. இலையுதிர் சீசன் ஒரு திருவிழாவானது அப்படித்தான். அதற்கு முன்பே 1953 செப்டம்பரில் 'டிவி கைடு' வார இதழ் தன் முதல் இலையுதிர் முன்னோட்டச் சிறப்பிதழைப் போட்டிருந்தது.

1950களில் ஒரு தொடருக்கு வருடம் 39 எபிசோடு. மிச்சம் 13 வாரமும் கோடை. அப்போது பழசையே மறுபடி போடுவார்கள். செலவு ஏற ஏற அந்த 39 சுருங்கி 22 ஆனது. இப்போது அதற்கும் கீழே வந்துவிட்டது.

இந்த வியாபாரத்தில் நெட்வொர்க்குகள் ஆரம்பத்திலேயே முதலாளிகளாக இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1950களில் பல நிகழ்ச்சிகளை நடத்தியது ஸ்பான்சர்கள்தான். 'டெக்சகோ ஸ்டார் தியேட்டர்', 'கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்', ரொனால்ட் ரீகன் தொகுத்து வழங்கிய 'ஜெனரல் எலெக்ட்ரிக் தியேட்டர்' என்று பெயரிலேயே பெட்ரோலும் பாலாடைக்கட்டியும் பல்பும் இருந்தன. நெட்வொர்க் கொடுத்தது நேரம் மட்டும். கிட்டத்தட்ட மண்டபத்தை வாடகைக்கு விடுகிற மாதிரி. என்பிசியின் பாட் வீவர் வேறு யோசனை சொன்னார். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறவர் கட்டுரையை எழுதுவதில்லையே, பக்கத்தில் இடம் மட்டும்தானே வாங்குகிறார்? தொலைக்காட்சியும் அப்படி நடக்கட்டும், நிகழ்ச்சி எங்களுடையது, நடுவில் நிமிடக் கணக்கில் இடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

யோசனை மெல்லத்தான் ஏறியது. அதை வேகப்படுத்தியது ஒரு ஊழல். 'ட்வென்டி ஒன்' போன்ற வினாடி வினா நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது அம்பலமானது. நாடே கொண்டாடிய சார்லஸ் வான் டோரன் 1959 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் உண்மையை ஒப்புக்கொண்டார். ஸ்பான்சர்கள் கையில் நிகழ்ச்சியை விட்டால் இதுதான் கதி என்று சொல்லி நெட்வொர்க்குகள் கட்டுப்பாட்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. அவர்கள் ஒன்றும் புண்ணியவான்கள் இல்லை, நல்ல சாக்கு கிடைத்தது. ஆனால் அதன் பிறகுதான் அட்டவணை என்பது ஒரே மூளை உட்கார்ந்து அடுக்குகிற சதுரங்கப் பலகையானது. எந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் எது, எதிரி சேனலில் என்ன ஓடுகிறது என்று யோசிக்கவே அப்போதுதான் இடம் கிடைத்தது.

இனி பணம். மே மாத நடுவில் நியூயார்க்கில் நடக்கும் அந்த வாரத்துக்கு 'அப்ஃப்ரண்ட்' என்று பெயர். முன்பணம் என்பதில் வருகிற 'முன்' தான். சிபிஎஸ் பல ஆண்டுகள் கார்னகி ஹாலில் நடத்தியது. இசைக்குழு, நடிகர்கள், புதுத் தொடர்களின் துண்டுக் காட்சிகள், கடைசியில் விருந்து. ஏபிசியின் மேடையில் அதன் பின்னிரவுப் பேச்சு நிகழ்ச்சியை நடத்தும் ஜிம்மி கிம்மல் வருடா வருடம் ஏறி தன் சொந்த முதலாளிகளையே கிண்டலடிப்பார். நாங்கள் காட்டுகிற தொடர்களில் முக்கால்வாசி தேறாது என்பதுதான் எப்போதும் அந்த நகைச்சுவையின் சாரம். உட்கார்ந்திருக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த வாரம் கோடிக்கணக்கில் வாங்குவார்கள். அது பொய் இல்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

ஏன் வாங்குகிறார்கள் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். விலை பேசுவது ஆயிரம் பார்வையாளருக்கு இத்தனை டாலர் என்ற வீதத்தில். ஒரு பேச்சுக்கு, வியாழன் 9 மணி நிகழ்ச்சியை 50 லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று நெட்வொர்க் உத்தரவாதம் தருகிறது, ஆயிரத்துக்கு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 30 வினாடி விளம்பரத்தின் விலை 2 லட்சம் டாலர். செப்டம்பரில் நிகழ்ச்சி படுத்துவிட்டது, 40 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். காசைத் திருப்பித் தர மாட்டார்கள். குறைந்துபோன 10 லட்சம் ஜோடிக் கண்களை வேறு நிகழ்ச்சிகளில் இலவச விளம்பர நேரமாகக் கொடுத்து ஈடுகட்டுவார்கள். எடை குறைந்தால் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுகிற மளிகைக் கடை நியாயம்.

மொத்த நேரத்தில் முக்கால் பாகம் போல மே, ஜூனில் விற்றுவிட்டு, மிச்சத்தை சீசன் நடக்கும்போது சில்லறையாக விற்பார்கள். முன்கூட்டி வாங்குகிறவருக்கு விலை மலிவு, உத்தரவாதம் உண்டு. பிற்பாடு ஒரு பகுதியைக் கைவிடும் உரிமையும் பேசி வாங்கிக்கொள்ளலாம். சில்லறையில் வாங்குகிறவர் அன்றைய விலைக்குக் கட்டுப்பட வேண்டும். நெட்வொர்க் தன் நேரத்தை நிறைய முன்னாலேயே விற்றுவிட்டால் சில்லறைச் சந்தையில் தட்டுப்பாடு வந்து விலை ஏறும். கொஞ்சமாக விற்றுவிட்டு நிகழ்ச்சியும் படுத்துவிட்டால் கையில் அழுகும் தக்காளி. நேரத்தைக் கிடங்கில் வைக்க முடியாதே. இந்தச் சூதாட்டம் உச்சத்தில் இருந்த 2000களின் நடுவில், ஒளிபரப்பு நெட்வொர்க்குகளின் இரவு நேரத்துக்கு மட்டும் சுமார் 900 கோடி டாலர் சில வாரங்களில் கைமாறியது.

விற்கிற சரக்கோ ஒரே ஒரு எபிசோடு. கோடையில் கதை கேட்பார்கள். ஒரு நெட்வொர்க் நூற்றுக்கணக்கான கதைகளைக் கேட்டு, அதில் சில டஜன் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லும். ஜனவரியில் அவற்றில் இருபது போலத் தேர்ந்தெடுத்து, பைலட் எனப்படும் முதல் எபிசோடை எடுக்கப் பணம் தரும். எல்லா நெட்வொர்க்கும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவதால் மார்ச்சில் நல்ல இயக்குநரும் கிடைக்க மாட்டார், நல்ல நடிகரும் கிடைக்க மாட்டார். ஏப்ரல் கடைசியில் படம் தயாராகும். மே தொடக்கத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து, கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குப்பையில் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சில பத்து லட்சம் டாலர் ஆகியிருக்கும். புத்தியுள்ளவர்கள் நடத்துகிற தொழிலில் இப்படி ஒரு முறை இவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

சோதனைத் திரையிடல்களின் லட்சணத்துக்கு 'சைன்ஃபெல்ட்' ஒன்றே போதும். 1989இல் சோதனைப் பார்வையாளர்கள் அந்தப் பைலட்டைக் கைகழுவச் சொன்னார்கள். ரிக் லட்வின் என்ற என்பிசி அதிகாரி தன் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கான பட்ஜெட்டிலிருந்து காசெடுத்து நாலு எபிசோடு எடுக்க வைத்ததால் அது பிழைத்தது. 'லாஸ்ட்' கதை இன்னும் கொடுமை. 2004இல் விமான விபத்துக் காட்சியோடு தொடங்கும் அதன் பைலட்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் ஆனது. அதற்கு அனுமதி கொடுத்த ஏபிசியின் லாயிட் பிரவுன், தொடர் ஒளிபரப்பாகும் முன்பே வேலையை இழந்தார். செப்டம்பர் 22 அன்று வெளியான 'லாஸ்ட்' ஏபிசியைத் தூக்கி நிறுத்தியது. தொடருக்கு முன்னால் முந்தைய காட்சிகளின் சுருக்கம் வரும்போது "முன்பு, லாஸ்டில்" என்று கேட்கும் குரல் அவருடையதுதான்.

பைலட்டுகளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி அடுக்கும் வேலை. சுவரில் ஒரு பலகை, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காந்தத்தில் ஒட்டும் ஒரு அட்டை. எதிரிகளின் அட்டைகளும் உண்டு. ரிமோட் எடுக்கச் சோம்பல்படும் மனிதன்தான் இந்தக் கலையின் அஸ்திவாரம். 8 மணி நிகழ்ச்சி பிடித்துப்போனால் 8:30க்கு வருவதையும் உட்கார்ந்து பார்ப்பான். ஆகவே புதுத் தொடரைப் பெரிய தொடருக்குப் பின்னால் வை. அதைவிடப் பாதுகாப்பானது, இரண்டு வெற்றித் தொடர்களுக்கு நடுவில் வைப்பது. இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் தூளி. இரண்டு மரம், நடுவில் குழந்தை. 1994 செப்டம்பரில் 'ஃப்ரெண்ட்ஸ்' வந்தது அப்படித்தான்: 8 மணிக்கு 'மேட் அபவுட் யூ', 9 மணிக்கு 'சைன்ஃபெல்ட்', நடுவில் 8:30க்கு ஆறு புது முகங்கள். எதிரி பலமாக இருந்தால் வேறு கூட்டத்தைக் குறிவைப்பது இன்னொரு வழி. அவன் கால்பந்து போட்டால் நீ காதல் கதை போடு.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைவிட யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியமானதும் இந்தப் பலகையில்தான். 1971இல் சிபிஎஸ் தன் கிராமத்து நகைச்சுவைத் தொடர்களைக் கூண்டோடு அழித்தது. 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்', 'மேபெர்ரி ஆர்எஃப்டி', 'ஹீ ஹா' எல்லாம் போயின. எல்லாமே தோற்றவை என்று சொல்ல முடியாது. சிலவற்றுக்கு நல்ல கூட்டமே இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வயதாகிவிட்டது, அவர்கள் ஊர்ப்புறத்துக்காரர்கள், ஷாம்புவும் காரும் விற்கிறவர்களுக்கு அவர்கள் வேண்டாம். சேனல் மரம் தெரிகிற எல்லாவற்றையும் ஒழித்துவிட்டது என்று 'கிரீன் ஏக்கர்ஸ்' நடிகர் பாட் பட்ரம் நொந்துகொண்டார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் 18 முதல் 49 வயது வரை என்ற வட்டத்துக்குள் இருக்கிறவர்தான் தொலைக்காட்சிக்கு மனிதர். ஐம்பது முடிந்ததும் நீங்கள் பார்த்தாலும் ஒன்று, பார்க்காவிட்டாலும் ஒன்று.

ஒரு துணிச்சலான நகர்த்தல் எப்படிப் பலன் தரும் என்பதற்கு 2001. முந்தைய கோடையில், யாரும் பெரிதாக எதிர்பார்க்காத நேரத்தில் சிபிஎஸ் போட்ட 'சர்வைவர்' நிகழ்ச்சியின் கடைசி நாளை 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பிப்ரவரியில் சிபிஎஸ் அதன் இரண்டாம் சீசனை வியாழன் 8 மணிக்கு, 'ஃப்ரெண்ட்ஸ்'ஸுக்கு எதிரே வைத்தது. வெள்ளிக்கிழமையில் இருந்த 'சிஎஸ்ஐ' அதன் பின்னால் 9 மணிக்கு வந்தது. என்பிசி பதறிப்போய் 'ஃப்ரெண்ட்ஸ்' எபிசோடுகளை அரை மணியிலிருந்து 40 நிமிடமாக இழுத்தது. 8:30க்குச் சேனல் மாற்ற முடியாமல் ஆளைப் பிடித்து வைக்கும் தந்திரம். சிரிக்காமல் என்ன செய்வது. ஆனாலும் வியாழன் மெல்லக் கை மாறியது. இரண்டு வருடத்துக்குள் 'சிஎஸ்ஐ' நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடர்.

ஒரு மணி நேரத்தை அசைத்தால் மொத்த வீடும் ஆடும் என்று என்பிசி காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது 2009இல். நாடகம் எடுத்தால் செலவு அதிகம் என்று, வாரத்தில் ஐந்து நாளும் இரவு 10 மணியை, அதுவரை 11:35 மணிப் பேச்சு நிகழ்ச்சியை நடத்திவந்த ஜே லெனோவிடம் கொடுத்தார்கள். மலிவான பேச்சு நிகழ்ச்சி, பார்வை குறைந்தாலும் லாபம் நிற்கும் என்பது கணக்கு. நெட்வொர்க்கின் கணக்கு சரிதான். ஆனால் 10 மணி நிகழ்ச்சிக்குப் பின்னால் 11 மணிக்கு உள்ளூர் செய்தி இருக்கிறதே? அமெரிக்காவில் நெட்வொர்க் நிகழ்ச்சிகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்பது இருநூறு போல உள்ளூர் நிலையங்கள். அவற்றில் பல தனி முதலாளிகளுக்குச் சொந்தம். அவர்களுடைய வருமானத்துக்கு முதுகெலும்பே அந்த 11 மணி செய்தி. லெனோவைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர்கள் பெட்டியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள், செய்தியின் கூட்டம் கரைந்தது, நிலையக்காரர்கள் கொதித்தார்கள். ஐந்தே மாதத்தில், 2010 பிப்ரவரியில் நிகழ்ச்சி நின்றது. லெனோவைப் பழைய 11:35க்குத் திருப்பி அனுப்பப் போய், அங்கிருந்த கோனன் ஓ'பிரையனும் வெளியேறினார்.

பார்வையாளர் இந்தக் கட்டத்துக்குள் குரல் கொடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2007 மே மாதம் சிபிஎஸ் தன் புது அட்டவணையில் 'ஜெரிகோ' தொடரை விட்டுவிட்டது. கடைசி எபிசோடில் நாயகன் சொல்லும் 'நட்ஸ்' (ஆங்கிலத்தில் கடலை, கொட்டை என்றும் பொருள்) என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்ட ரசிகர்கள் சிபிஎஸ் அலுவலகத்துக்கு வேர்க்கடலை அனுப்ப ஆரம்பித்தார்கள். டன் கணக்கில். சேனல் இறங்கிவந்து ஏழு எபிசோடு எடுக்கச் சொன்னது. அதையும் பெரிய கூட்டம் பார்க்கவில்லை, 2008 மார்ச்சில் மறுபடி மூடினார்கள். 2018இல் 'புரூக்ளின் நைன் நைன்'ஐ ஃபாக்ஸ் கைவிட்ட மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டதற்கும் ரசிகர்களின் கூக்குரலைக் காரணம் சொல்கிறார்கள். அந்தத் தொடரைத் தயாரித்தது என்பிசியின் சொந்தக் குடும்பத்து ஸ்டுடியோ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990களில் ஒரு பழைய சட்டத் தடை நீங்கிய பிறகு நெட்வொர்க்குகளே தொடர்களுக்கு உரிமையாளர்கள் ஆகலாம் என்றானது. அதிலிருந்து எது பிழைக்கும் என்பதில் ரேட்டிங்கோடு சொந்தபந்தமும் கலந்துவிட்டது.

இந்த மொத்தக் கட்டடத்திலும் விரிசல் விழ ஆரம்பித்தது 1999இல், டிவோ என்ற பதிவுப் பெட்டி வந்தபோது. வியாழன் 9 மணி நிகழ்ச்சியைச் சனிக்கிழமை பார்க்கலாம், விளம்பரத்தை ஓட்டிவிடலாம் என்றானதும் 'பின்னால் வருவதையும் பார்ப்பான்' என்ற அஸ்திவாரமே ஆட்டம் கண்டது. 2007இல் அளவுகோலை மாற்றினார்கள்: நிகழ்ச்சியைப் பார்த்தவர்களை விட்டுவிட்டு, மூன்று நாளுக்குள் விளம்பரத்தைப் பார்த்தவர்களை எண்ணினார்கள். வெள்ளிக்கிழமைப் படத்துக்கான விளம்பரத்தை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறவரால் ஸ்டுடியோவுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

பிறகு வந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. 2020இல் கொரோனாவால் மேடை அரங்கேற்றங்கள் நின்றன, படப்பிடிப்பும் நின்றதால் செப்டம்பரில் போடச் சரக்கில்லை. 2023 மே மாதம் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, அப்ஃப்ரண்ட் அரங்கங்களின் வாசலிலேயே பதாகை பிடித்து நின்றார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு ஏபிசியின் இலையுதிர் அட்டவணையில் எழுதி நடிக்கும் புதுத் தொடர் ஒன்றுகூட இல்லை. சிபிஎஸ் ஞாயிறு இரவில் தன் சகோதர கேபிள் சேனலில் ஏற்கெனவே ஒளிபரப்பான 'எல்லோஸ்டோன்' தொடரை முதலிலிருந்து போட்டது. அதே 2023இல் சிபிஎஸ் கார்னகி ஹாலை விட்டு விலகி, விளம்பர நிறுவனங்களோடு சின்னச் சின்ன விருந்துகளாகப் பேசி முடித்துக்கொண்டது. 2025 மே மாதக் கணக்குப்படி, ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்து பிடித்த நேரத்தைவிட ஸ்ட்ரீமிங் பிடித்த நேரம் முதன்முறையாக அதிகம்: 44.8 சதவீதம் என்றது பார்வையாளர் கணக்கெடுக்கும் நிறுவனமான நீல்சன்.

அப்படியானால் மே மாதச் சந்தை செத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. அட்டவணையே இல்லாத கம்பெனிகள் அந்தச் சந்தைக்குக் கடை போட வந்துவிட்டன. 2022இல் யூடியூப் தன் விளம்பர விழாவை அதே வாரத்துக்கு மாற்றிக்கொண்டது. விளம்பரமே போட மாட்டோம் என்று பல வருடம் பெருமை பேசிய நெட்ஃபிளிக்ஸ், 2022 நவம்பரில் விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தாவைக் கொண்டுவந்து அடுத்த மே மாதமே வரிசையில் நின்றது. அமேசான் 2024இல் மேடை ஏறியது. பார்வையாளருக்கு 9 மணி என்ற ஒன்றே இல்லாமல் போன பிறகும், விளம்பர பட்ஜெட் போடுகிறவருக்கு மே மாதம் அப்படியே இருக்கிறது. அவருடைய நிதியாண்டு மாறவில்லையே.

மேடையில் பேசுகிற பொருள்தான் மாறிவிட்டது. முன்பு நடிகர்கள் நின்ற இடத்தில் இப்போது விளையாட்டு வீரர்கள். நேரலை ஆட்டத்தை யாரும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துப் பார்ப்பதில்லை, விளம்பரத்தை ஓட்டவும் முடியாது. என்பிசியின் ஞாயிறு இரவு அமெரிக்கக் கால்பந்து 2011 தொடங்கி வருடா வருடம் இரவு நேரத்தின் முதலிடம். 2025 இலையுதிர் அட்டவணையில் அதே என்பிசி செவ்வாய் இரவை என்பிஏ கூடைப்பந்துக்கு ஒதுக்கியது. பதினொரு வருட ஒப்பந்தம் அது. செவ்வாய்க்கிழமை நாடகம் எழுதக் காத்திருந்தவர்களுக்கு அத்தனை மணி நேரம் போனது.

வியாழனும் தப்பவில்லை. 2022 செப்டம்பரிலிருந்து வியாழன் இரவுக் கால்பந்து ஆட்டங்கள் முழுக்க அமேசான் கைக்குப் போய்விட்டன. 'ஸ்டுடியோ 60' திங்கட்கிழமைக்கு ஓடியும் ஒரே சீசனில் முடிந்துபோயிருந்தது. அதே 2006 இலையுதிரில் வந்த, ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் திரைமறைவுக் கதை என்று அதே கருவைக் கொண்ட, என்பிசியின் சின்னப் பிள்ளையான '30 ராக்' ஏழு சீசன் ஓடியது. 'கிரேஸ் அனாடமி' இன்னும் வியாழக்கிழமையில்தான் இருக்கிறது; 2024இல் அதை 10 மணிக்குத் தள்ளினார்கள், பெரும்பாலோர் அதை மறுநாளோ அடுத்த வாரமோ ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் சேவையில் பார்த்துக்கொள்கிறார்கள். என்பிசியை நாலு மாதம் முன்னாலேயே ஓடவைத்த அந்த 9 மணியை, 2025 அட்டவணையில் ஏபிசி '9-1-1: நாஷ்வில்' என்ற புதுத் தொடருக்குக் கொடுத்தது. அந்த நேரத்தில் அமேசானில் ஆட்டம் இரண்டாவது கால்பகுதிக்கு வந்திருக்கும்.